வாடிக்கையாளரைப் போன்றவர்கள்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் அனுப்பினால், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னதுதான் சுகிர்தாவுக்கு முதலில் இடித்தது.

அவ்வளவு கிடைக்காது என்று விளம்பரக் கம்பெனியின் பிரின்சி முன்கூட்டியே போனில் சொல்லிவைத்திருந்தாள். நூறு நம்பர் கொடுத்தால் ஐம்பது அறுபது பேர்தான் தேறுவார்கள், மீதிப் பேர் நம்பரை மாற்றியிருப்பார்கள் அல்லது இன்டர்நெட் பக்கமே வந்திருக்க மாட்டார்கள், அதற்காக மனசு விட்டுவிடக் கூடாது மேம் என்று ஆறுதல்கூடச் சொல்லியிருந்தாள். இங்கே என்னடாவென்றால் ஒருத்தர் பாக்கியில்லை. கீழே பச்சை எழுத்தில் இன்னொரு வரி: அனைவரும் கடந்த ஏழு நாட்களில் இயங்கியவர்கள்.

அந்தப் பெயர்களை எல்லாம் தன் கையாலேயே அடித்தவள் சுகிர்தா. அதில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

கடையின் பெயர் தாவீது அன் சன்ஸ். கும்மிடிப்பூண்டி பைபாஸிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முனையில், சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் கடை. தாவீதுக்குப் பிறந்தது மூன்றும் பெண்கள். போர்டு எழுதியவன் எல்லாக் கடைக்கும் எழுதுகிற கைப்பழக்கத்தில் சன்ஸ் என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அதை அழித்துத்தான் ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். பில்லைச் செத்தவர் பெயரில்தான் போடுவார்கள். கடை ஆரம்பித்த புதிதில் திருப்பாச்சூரில் ஒரு வீட்டில், யார் பெயரில் பில் போடுவது என்று அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேலேயே விழுந்தார்கள். கண்ணாடி உடைந்தது. உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே தாவீது தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பூட்டவன் பேர்லயே போட்டுடு. அவன் ஒருத்தன்தான் சண்டைக்கு வரமாட்டான்." போன் நம்பரும் செத்தவருடையதுதான். சாவு வீட்டில் விடாமல் அடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு போன்தான், யாராவது எடுத்துவிடுவார்கள். எட்டு வருஷமாக இப்படியே எழுதி எழுதி, சுகிர்தாவுக்கு அந்த நோட்டில் இருப்பவர்கள் செத்தவர்கள் என்பதே மறந்துபோயிருந்தது. அவர்கள் வாடிக்கையாளர்கள். பிரின்சி வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டாள். இவள் கொடுத்தாள்.

அவள் அந்த வேலையை அத்தனை ஆசையாகச் செய்ததற்குக் காரணம் அவள் புருஷன் பென்னி. சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு அதே உலையில் பென்னிக்குப் பக்கத்தில் நின்றவன் மேல் இரும்புக் குழம்பு தெறித்தது. பெட்டி போனது தாவீது கடையிலிருந்து. பில் அடித்தவள் சுகிர்தா. அன்றிலிருந்து பென்னி ஷிப்டு முடித்து வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்கும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. தாவீதிடம் அழுதே விட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: "ஆர்டர் ரெண்டு பங்கு ஆவட்டும், இன்னொரு வண்டி எடுக்கிறேன். அதுக்கு உன் ஊட்டுக்காரன்தான் டிரைவரு. உலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். போதுமா?"

போதும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

பட்டியலை ஏற்றும்போது கம்ப்யூட்டர் மூன்று கேள்வி கேட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் விவரங்களைப் பகிரச் சம்மதித்திருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. சுகிர்தா திரும்பி, இட்லியில் இருந்த தாவீதைக் கேட்டாள்.

"யாராச்சும் வந்து வேணான்னு சொன்னாங்களா?"

"இல்ல முதலாளி."

"அப்ப சம்மதம்தான். டிக்கு போடு. நாஷ்டா துண்றப்ப இன்னா கேள்வி."

போட்டாள். இரண்டாவது, தானாகவே பகிர்தல். அதை முடுக்கிவிட்டால் அடிக்கிற பில் எல்லாம் விளம்பரக் கம்பெனிக்குத் தானாகப் போகும். விளம்பரத்தைப் பார்த்து யாராவது பெட்டி கேட்டால் அதுவும் தானாக வந்து, வண்டி ஓட்டும் குணாவின் போனில் ட்ரிப்பாக விழுந்துவிடும். நடுவில் ஆளே வேண்டாம். வேலை மிச்சம் என்று அதையும் முடுக்கினாள். மூன்றாவது பொத்தானில், வாடிக்கையாளரைப் போன்றவர்களைத் தேடு என்று இருந்தது.

"அது இன்னா மேடம்?" என்று பிரின்சியைப் போனில் கேட்டாள்.

"அதுதான் மேம் மெயினே. உங்க கஸ்டமர்ஸ் மாதிரியே இருக்கிற வேற ஆளுங்களை அதுவே தேடிப் பிடிச்சு, அவங்களுக்கு உங்க விளம்பரத்தைக் காட்டும்."

"அவங்கள மாதிரின்னா? எப்படி மாதிரி?"

"வயசு, ஊரு, வேலை, எப்ப எழுந்துக்கிறாங்க, எதைப் பார்த்தா நின்னு பார்க்கிறாங்க... எனக்கே தெரியாது மேம். அதுக்குத் தெரியும்."

சுகிர்தா அந்தப் பொத்தானையும் அமுக்கினாள். பிறகுதான் நூற்றுக்கு நூறு வந்தது.

மகனோ மருமகளோ அந்த போனை வைத்திருப்பார்கள், அதனால்தான் இயங்குகிறது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம். சாயங்காலம்வரை தாங்கியது. ஐப்பசி மழை விட்டு, சிப்காட் பக்கமிருந்து ஈரமும் துரு வாடையும் கலந்து வீச, பின்பக்கக் கொட்டகையில் காலிப் பெட்டிகள் மூன்றும் ஓட்டம் பார்ப்பதற்காகப் போட்டுவிட்டபடியே உம்மென்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, கொட்டகைத் தரையில் நசுங்கிக்கிடந்த பழைய ரோஜா இதழும் பன்னீரும் பினாயிலும் சேர்ந்த அந்த வாசனை திரைச்சீலைக்கு அடியில் ஊர்ந்து வந்து அவள் கால் விரலைத் தொட்ட நேரத்தில், பிரின்சி மறுபடியும் கூப்பிட்டாள்.

"மேம், ஒரு காமெடி. உங்க கஸ்டமர்ஸ் எந்தெந்த நேரத்துல போன் பார்க்கிறாங்கன்னு ஒரு படம் வரும். எல்லாருக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கோடு கீழே இறங்கிடும். உங்களுக்கு இறங்கவே இல்ல. இருபத்து நாலு மணி நேரமும் நேர்க்கோடு." சிரித்தாள். "உங்க ஆளுங்க தூங்கவே மாட்டாங்களா?"

சுகிர்தா கோட்டைப் பார்த்தாள். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் முதல் விசாரிப்பு வந்தது. தணிகைவேல், கடம்பத்தூர். தேவைப்படும் நாள் என்ற இடத்தில், நாளை. எந்தச் சாவு வீட்டிலும் நாளைக்குப் பெட்டி கேட்பதில்லை. இப்போதே கொண்டுவா என்றுதான் கத்துவார்கள். சுகிர்தா நம்பரைப் போட்டுப் பேசினாள்.

"தணிகைவேல்தான் பேசறேன். யாரு?" பின்னணியில் டிராக்டர் ஓடியது.

"ஐயா, ஃப்ரீசர் பாக்ஸ் வேணும்னு கேட்டிருந்தீங்களே..."

"இன்னா பொட்டி?"

"சாவு ஊட்டுக்கு வெக்கிற..."

"தே! எங்க ஊட்ல அத்தினி பேரும் குத்துக்கல்லாட்டம் கீறோம். நடவு நேரத்துல பேஜாரு பண்ணினு. எதனா கொயந்த போனை நோண்டியிருக்கும். வெய்யி."

வைத்தாள். மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அதே நம்பரிலிருந்து போன் வந்தது. வேறு குரல். சின்னக் குரல், உடைந்த குரல். "ஃப்ரீசர் பாக்ஸா? இந்த நம்பருக்கு நேத்து பேசியிருக்கீங்க, அதான் போட்டேன். எங்க நைனா... வரப்புல உக்காந்துக்கினு இருந்தாரு. அப்படியே."

பில் போடுவதற்காக அவள் பட்டியலைத் திறந்தாள். தணிகைவேல் பெயருக்கு எதிரே 'விசாரித்தவர்' என்று இருந்த இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மாறியிருந்தது. அவள் எதையும் இன்னும் தொடவில்லை.

அதற்கடுத்த பன்னிரண்டு நாளில் பத்தொன்பது பேர். சுகிர்தா ஐந்து பேரிடம்தான் பேசினாள். சோழவரம் திலகவதி, பஸ்ஸில் கூட்டமாக இருக்கிறது, இறங்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிட்டது அவள் தங்கை. அதற்குப் பிறகு சுகிர்தா யாரிடமும் பேசவில்லை. உயிரோடு இருக்கிற குரலைக் கேட்டுவிட்டால் பில் அடிக்கும்போது விரல் வேறு எழுத்தின் மேல் போய் விழுகிறது.

தாவீதிடம் சொன்னாள். அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி பார்த்தார்.

"நாம விளம்பரம் போடாட்டி இவங்க சாவாம இருந்திருப்பாங்களா?"

"தெரியலியே முதலாளி."

"எனக்கும் தெரியல. தெரியாத விசயத்துல நாம எதுக்குத் தலைய வுடணும்? பொட்டி லேட்டா போனாத்தான் பாவம். முன்னாடியே போனா புண்ணியம்." கொஞ்சம் நிறுத்தினார். "குணாவ முன்னாடியே போயி தெரு முனையில நிக்கச் சொல்லு."

குணா போய் நின்றான். டீ குடித்தான். வீட்டுக்குள்ளிருந்து அலறல் எழுந்ததும் கண்ணாடி கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். ஜனங்கள் அசந்துபோனார்கள். உயிர் போய் மூன்று நிமிஷத்தில் பெட்டி வருகிறது, ஆம்புலன்ஸ்கூட இப்படி வராது என்று ஊரெல்லாம் பேச்சு. தாவீது இரண்டாவது வண்டிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். "ஒண்ணாந்தேதி உன் ஊட்டுக்காரனை வந்து ஏறிக்கச் சொல்லு," என்றார். ஒண்ணாந்தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. சுகிர்தா அந்த ஒன்பது நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நினைத்தாள். பொத்தானை நிறுத்துவது பற்றி அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தாள். நிறுத்தினால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் உலை.

ஏழு நாள் போயிற்று. எட்டாம் நாள் பகல் ஒரு மணி. தாவீது புது வண்டியைப் பதிவு செய்யத் திருவள்ளூர் போயிருந்தார். சுகிர்தா டப்பாவைத் திறந்து, மோர்க் குழம்புச் சோற்றில் கையை வைத்தபோது கம்ப்யூட்டரில் அந்தச் சின்ன மணி அடித்தது.

பென்னி. இரும்பாலை லைன் வீடுகள், கும்மிடிப்பூண்டி. தேவைப்படும் நாள்: இன்று. மாலை 6 மணி.

நம்பரைப் பார்த்தாள். அந்த நம்பரை அவள் தூக்கத்திலும் சொல்லுவாள்.

சோற்றுக் கையோடு போன் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"இன்னாமே. துண்ணியா?"

"மாமா, எங்க கீற?"

"ஊட்லதான். ரெண்டு மணி ஷிப்டு ஆச்சே, கெளம்பிக்கினு கீறேன்."

"போவாத."

"ஏன்?"

"போவாதன்னா போவாத. தலைவலின்னு சொல்லு. நான் வரேன். எங்கியும் போவாம அப்படியே உக்காரு."

குரலில் என்ன இருந்ததோ, பென்னி எதிர்க் கேள்வி கேட்கவில்லை. சரி என்றான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

பென்னி பெயருக்கு எதிரே இருந்த 'நீக்கு' பொத்தானை அமுக்கினாள். உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, முப்பது நாட்களுக்குள் நீக்கப்படும் என்றது. நாளை மாற்றப் பார்த்தாள். வாடிக்கையாளர் மட்டுமே மாற்ற முடியும் என்றது. விளம்பரத்தையே நிறுத்தினாள். நிறுத்தப்பட்டது, ஏற்கெனவே பகிர்ந்தவை பகிர்ந்தவையே என்றது. தானாகவே பகிர்தல் என்பதை அணைத்தாள். அணைந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம் அணைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பச்சையாயிற்று.

பின்னால் கொட்டகையில் பெட்டிகள் முனகின. அவள் இன்றைக்கு எதையும் போட்டுவிடவில்லை.

பிரின்சியைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு பேரை எடுக்கணும். ஒரே ஒரு பேரு. பென்னி."

"பேரா எங்களுக்குத் தெரியாது மேம். நீங்க அனுப்பினதுமே பேரும் நம்பரும் கலைஞ்சு வேற எழுத்தா மாறிடும். உங்க பாதுகாப்புக்குத்தான். அதைத் திருப்பிப் பேரா ஆக்க யாராலயும் முடியாது."

"நான் அவன் பேரை அனுப்பவே இல்ல. அதுவா வந்துக்குது."

"அப்ப உங்க கஸ்டமர்ஸ் மாதிரி இருக்கிறவரா இருப்பாரு."

"அவன் அவங்க மாதிரி இல்ல! அவன் உசுரோட கீறான்!"

எதிர்முனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது.

"மேம்," என்றாள் பிரின்சி மெதுவாக, "உங்க கஸ்டமர்ஸ் யாரு?"

சுகிர்தா சொன்னாள். பிரின்சி, கண்ணுக்கு முன்னால் எழுதிவைத்திருப்பதைப் படிக்கிறவளைப் போல, உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லி ஒரு பதினோரு இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள். சுகிர்தா அந்த எண்ணை எழுதிக்கூடக் கொண்டாள். வேறு என்ன செய்வது.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். ஒரு கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல், தகடு தகடாக இரும்பு ஏற்றிக்கொண்டு போயிற்று. பெட்டிகளை எண்ணக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பென்னி லுங்கியோடு ஹாலில் உட்கார்ந்து பழைய ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் நேரே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டாள். மார்பில் காதை வைத்தாள். அடித்தது, நன்றாக, உலைச் சம்மட்டி மாதிரி.

"இன்னாமே இது, டாக்டரு கணக்கா."

"போனைக் குடு. நம்ம கடை விளம்பரம் வந்துச்சா உனக்கு?"

"நாலு நாளா அதான் வந்துக்கினு கீது. எதைத் தொறந்தாலும் நம்ம பொட்டி."

"நீ எதையாச்சும் அமுக்கினியா?"

பென்னி எண்ணெய்க் கையால் பின்கழுத்தைச் சொறிந்தான். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "ஒரு லைக்கு போட்டேன். நீ உக்காந்து பண்ணதாச்சேன்னு. வேற யாரு போடப் போறாங்க அதுக்கு?"

அவள் அந்த போனை வாங்கிப் பார்த்தாள். நன்றி பென்னி, உங்கள் பதிவு உறுதியானது என்று இருந்தது. கீழே 'நாளை மாற்று' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். அவன் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து அமுக்கினாள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாற்ற இயலாது. மறுபடி அமுக்கினாள். மறுபடி. அவன் விரல் வலித்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

பிறகு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். பென்னி கேட்டான். சிரிக்கப் பார்த்தான்; அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். "சரி, நான் இங்கியே உக்காந்துக்கிறேன். உலை இங்க வராதில்ல?" என்றான். ஃபேனைத் தொடவிடாமல் தூர வைத்தாள். கேஸை மூடினாள். குளியலறை வழுக்கும் என்று போகவிடவில்லை. தண்ணீரைக்கூடத் தான் முதலில் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டுகிற அந்த இரைச்சலுக்குள் அவள் ஒரே ஒரு சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள், ஒரு டீசல் வண்டியின் சத்தத்தை, வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.

ஐந்தே முக்காலுக்கு அது வந்தது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றாள். குணா மழையில் இறங்கினான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, பேரை ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்தேன். மச்சான் எப்படி கீறாரு?"

"உள்ள நல்லா கீறான். பொட்டிய எடுத்துக்கினு போ."

"போலாம்க்கா. ஆனா ட்ரிப் முடிய மாட்டேங்குது. ஊட்ல எறக்கி, பிளக்கு போட்டு, லைட் எரியுற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் அடுத்த அட்ரஸே காட்டும். பொன்னேரியில ஒரு ஊட்ல காலையில பூட்டாங்க, நெசமாலுமே பூட்டாங்க. ஆறு வாட்டி போன் பண்ட்டாங்க. அட்ரஸ் கேட்டா அழுவுறாங்க. முதலாளி போன எடுக்கல."

"என் பொணத்து மேலதான் அது உள்ள வரும்."

"அக்கா, அப்படிலாம் சொல்லாத."

கதவு பின்னாலிருந்து திறந்தது. பென்னி. "ஒரு போட்டோதானமே. எடுத்துக்கினு போவட்டும். அங்க ஒரு ஊட்ல அழுதுகினு கீறாங்க, பாவம்."

"மாமா, வேணாம்."

"காலிப் பொட்டி சுகி. அதுக்குள்ள யாரு கீறா?" அவள் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினான். "குணா, தலைமாட்டை நான் புடிச்சுக்கிறேன். வா."

இரண்டு பேரும் அதை இலேசாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட ஹாலின் நடுவில் வைத்தார்கள். அந்த ஹாலுக்கு அது பெரிது. சுவரில் முதுகு ஒட்டத்தான் நிற்க முடிந்தது. குணா பிளக்கைச் சொருகினான். பெட்டி ஒருமுறை குலுங்கியது. முனக ஆரம்பித்தது. சிவப்பு லைட். குணா போட்டோ எடுத்தான். போன் டிங் என்றது.

ஒப்படைக்கப்பட்டது. நன்றி.

"முடிஞ்சிதுக்கா. பொன்னேரி அட்ரஸ் வந்துடுச்சு." குணா பெருமூச்சு விட்டான். "வா மச்சான். தூக்கு."

தூக்கினார்கள்.

அசையவில்லை.

"பிளக்க புடுங்குடா."

"புடுங்கிட்டேன் மச்சான்."

லைட் எரிந்தது. முனகல் நிற்கவில்லை. இரண்டு பேரும் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, மறுபடி தூக்கினார்கள். பென்னியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு விரற்கடை. அவ்வளவுதான். பொத்தென்று இறங்கியது. காலிப் பெட்டி இறங்குகிற சத்தமில்லை அது. எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற குணா சுவரோரம் நகர்ந்து நின்றான்.

"இதுல ஆள் கீது," என்றான்.

கண்ணாடிக்குள் யாரும் இல்லை. வெள்ளைத் தகடு. பளபளவென்று.

"கொஞ்சம் இரு. மூச்சு வாங்குது," என்று பென்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சுகிர்தா பாய்ந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. நல்லது. சூடாக இருக்கிறது. அவன் தோள் ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது. அவள் அதையே பார்த்தாள்.

பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

கண்ணாடியில், தலைமாட்டுப் பக்கம், ஒரு வட்டம் வெளுத்தது. உள்ளங்கை அகலம். சுருங்கியது. மறுபடி வெளுத்தது.

எட்டி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

உள்பக்கம்.

பென்னியின் தோள் ஏறியது. வட்டம் சுருங்கியது. தோள் இறங்கியது. வட்டம் விரிந்தது.

"மாமா, என்னைப் பாரு."

பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். வாய் அசைந்தது. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து, மங்கலாக. சுகி.

குணா வாசலைத் தாண்டி ஓடினான். வண்டி கிளம்பிப் போன சத்தம் மழையில் கரைந்தது.

சிப்காட்டில் ஆறு மணிச் சங்கு ஊதியது.

அவள் பிடித்திருந்த கையில் சூடு இன்னும் இருந்தது. விரல்கள் மட்டும் பிடியை விட்டன. தோள் இறங்கியது. ஏறவில்லை. அவள் காத்திருந்தாள். ஏறவில்லை.

கண்ணாடியில் வட்டம் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.